பதினேழாம் குன்றின் கறுப்பு மணிகள்

படீர்!

மேஜைமேல் வந்து விழுந்தது வெறும் பத்திரிகைதான். ஆனால் விழுந்த வேகத்தில் மைக்ராஸ்கோப்புக்கு அடியில் இருந்த கண்ணாடித் தட்டு ஒரு துள்ளு துள்ளியது. காலை ஒன்பது மணியிலிருந்து ஊசி முனையால் தள்ளித் தள்ளி வரிசை கட்டி வைத்திருந்த நூற்று நாற்பது மணிகளும் ஸ்பிரிட்டுக்குள் கலைந்து, பள்ளிக்கூட மணி அடித்ததும் ஓடும் பிள்ளைகளைப் போல மூலைக்கு ஒன்றாகச் சிதறின.

ஊசியக்கா கண்ணை மைக்ராஸ்கோப்பிலிருந்து எடுக்கவில்லை.

"போச்சு" என்றாள். அவ்வளவுதான். கோபப்படவும் தெம்பு வேண்டாமா? ஒரு மணியின் குறுக்களவு ஒரு தலைமுடியின் தடிமன். மறுபடி நூற்று நாற்பதையும் தேடிப் பிடித்து வரிசை கட்டக் குறைந்தது மூன்று மணி நேரம் ஆகும். கழுத்து இப்போதே 'விட்டுவிடு தாயே' என்று கெஞ்சிக்கொண்டிருந்தது.

"இதைப் படிங்கம்மா!" என்றார் டாக்டர்.

டாக்டர் என்றால் ஊசி போடுகிற டாக்டர் இல்லை. கல்லுக்கு வயது சொல்கிற டாக்டர். இந்த லேபின் தலைவர். இன்னும் நான்கு மாதத்தில் ஓய்வு பெறப்போகிறவர். ஊசி பிடிக்கிற வேலையெல்லாம் ஊசியக்காவுடையது. மலையிலிருந்து கல் வரும். கிரஷரில் போட்டு அதைப் பொடியாக்குவார்கள். பொடியைச் சலித்து, தண்ணீரில் அலசி, காந்தம் காட்டி, கனமான திரவத்தில் மூழ்கவிட்டால் பத்துக் கிலோ கல்லில் ஒரு சிட்டிகை மிஞ்சும். அந்தச் சிட்டிகைக்குள் ஜிர்கான் என்ற மணிகள் இருக்கும். அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுப்பதுதான் அவளுக்குப் பத்தொன்பது வருடமாகச் சம்பளம் வாங்கித் தருகிற வேலை. பிறகு மெஷினில் வைத்து லேசரால் சுட்டால், மணிக்குள் எவ்வளவு யுரேனியம் ஈயமாக மாறியிருக்கிறது என்று தெரியும். அதுதான் கல்லின் வயது.

'என் பொண்டாட்டி ஊரறிஞ்ச பொறுக்கி' என்று அவள் கணவர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவள் சிரிப்பதை நிறுத்திப் பதினெட்டு வருடம் ஆகிறது.

"என்ன டாக்டர் போட்டிருக்கு?"

"பதினேழாம் குன்று. நம்ம குன்று! இருநூத்து ஐம்பது கோடி வருஷம்னு நாம சொன்னோம்ல? முன்னூத்து முப்பதுங்கிறாங்க இந்த வேற லேப்காரங்க. எண்பது கோடி வருஷம் கூட! என்னமோ பத்து ரூபாய் சில்லறை தவறின மாதிரி எழுதியிருக்காங்க."

அவர் பின்னால் சுவரில் அந்த வரைபடம் தொங்கியது. எண்பத்திரண்டு குன்றுகள். பூமிக்கு அடித்தளம் போட்ட பழைய கிரானைட் பாறை, மண்ணைத் தள்ளிவிட்டு வெளியே தலைநீட்டிய இடங்கள். எண்பத்திரண்டும் ஒரே ரோஜா நிறம். எல்லாவற்றுக்கும் ஒரே வயது, இருநூற்று ஐம்பது கோடி. ஓய்வு பெறுவதற்குள் அது புத்தகமாக அச்சேற வேண்டும் என்பது டாக்டரின் ஆசை.

"எப்படி டாக்டர் அவ்வளவு வித்தியாசம் வரும்?"

"எப்படி வரும்? கிரஷரைக் கழுவல! முந்தின வாரம் வேற எங்கேயோ இருந்து வந்த பழைய கல்லை அரைச்சிருக்காங்க. பல் இடுக்குல ஒட்டிக்கிட்டிருந்த மிச்சம் நம்ம கல்லோட கலந்திருக்கு. இது கூடத் தெரியாம ஒரு பத்திரிகை! நாம எத்தனை தடவை கழுவுறோம், நீங்களே சொல்லுங்க."

"மூணு தடவை, டாக்டர்."

அதில் சந்தேகமே இல்லை. முதலில் பிரஷ், அப்புறம் காற்று, அப்புறம் ஸ்பிரிட். பிறகு சுத்தமான வெள்ளைக்கல்லை அரைத்துக் கொட்டிவிட்டு, திரும்பவும் முதலிலிருந்து. பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிக் குளிப்பாட்டியிருக்க மாட்டார்கள். அதற்கு மேலும் டாக்டர் திருப்திப்பட மாட்டார். படியிறங்கி வந்து, கிரஷரின் இரும்புத் தாடைக்குள் கைவிட்டு, வெள்ளைத் துணியால் தாமே ஒருமுறை துடைத்து, துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். இத்தனை வருடத்தில் ஒருநாளும் அதை அவர் மறந்ததில்லை.

"வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குள்ள அந்தப் பத்திரிகைக்கும் அவங்க டைரக்டருக்கும் கடிதம் போகுது. கிரஷர் ஓட்டினது யாருன்னு விசாரிக்கணும்னு கேக்கப் போறேன்."

ஊசியக்கா இப்போதுதான் நிமிர்ந்தாள்.

"அங்க கிரஷர் ஓட்டுறது என் தங்கச்சி, டாக்டர்."

அவருக்கும் அது தெரியும். இந்த வேலை தெரிந்தவர்கள் மொத்தமே விரல் விட்டு எண்ணக்கூடியவர்கள். ஆள் வேண்டும் என்று அங்கிருந்து கேட்டபோது இவளிடம்தான் முதலில் சொன்னார்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "தெரியும்மா. அதுக்காக நான் கல்லோட வயசை மாத்தி எழுத முடியுமா?"

போய்விட்டார். பத்திரிகை மட்டும் மேஜையிலேயே கிடந்தது.

மதியம் ஒரு மணிக்குத் தங்கையிடமிருந்து போன் வந்தது. ஊசியக்கா படிக்கட்டுப் பக்கம் போய், சுவரில் மாட்டியிருந்த சிவப்புத் தீயணைப்பு உருளைக்குக் கீழே உட்கார்ந்தாள்.

"அக்கா, உங்க டாக்டர் எங்க டைரக்டருக்கு போன் பண்ணிக் கிழிகிழின்னு கிழிச்சிருக்காரு. என்னை நிரந்தரம் பண்ற ஃபைல் வெள்ளிக்கிழமை கையெழுத்தாகணும். அதை எடுத்து அலமாரி மேல வச்சுட்டாங்க. எழுத்துல புகார் வந்துச்சுன்னா வீட்டுக்குப் போன்னுடுவாங்க. ரெண்டு வருஷம்க்கா! ரெண்டு வருஷமா தினக்கூலி மாதிரி ஓடிக்கிட்டிருக்கேன்."

"கழுவினியா, இல்லையா?"

"அக்கா!"

"நேராப் பதில் சொல்லு. சின்ன வயசுல பாத்திரம் தேய்க்கச் சொன்னா அடியை விட்டுட்டு மேல மட்டும் தேய்ச்சு கவுத்து வைக்கிறவ தானே நீ."

"நாப்பது வருஷம் ஆச்சு, இன்னும் அந்தச் சட்டியை விட மாட்டியா நீ? மூணு தடவை கழுவினேன். உன் மேல சத்தியம்."

"என் மேல எதுக்குடி? உன் மேல பண்ணு."

"சரி, என் மேல சத்தியம். நீயே நம்பலைன்னா வேற எவ நம்புவா?" தங்கை மூக்கை உறிஞ்சினாள். "யோசிச்சுப் பாருக்கா. கழுவாம விட்டா ஒண்ணு ரெண்டு மணி ஒட்டிக்கிட்டு வரும். பதினெட்டா வரும்? பதினெட்டும் ஒரே வயசு. பதினெட்டும் ஒரே மாதிரி. கறுப்பா, மழுங்கி, மேலெல்லாம் விரிசல் விட்டு."

ஊசியக்காவுக்குச் சுரீரென்றது.

"கறுப்பா? கறுப்பை எதுக்குப் பொறுக்கினே?"

"எங்க மேடம்தான் சொன்னாங்க. நல்லது கெட்டது பாக்காதே, கண்ணுல பட்டதையெல்லாம் எடுன்னாங்க. ஏன், நீங்க எடுக்க மாட்டீங்களா?"

எடுக்க மாட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே டாக்டர் சொன்னது அது. 'பளிச்சுனு இருக்கிறதை மட்டும் பொறுக்குங்க. கறுப்பு வேண்டாம். விரிசல் விட்டது வேண்டாம். விரிசல் வழியா ஈயம் ஒழுகிப் போயிருக்கும், அதுங்க பொய் சொல்லும்.' நியாயமான பேச்சு. எல்லாப் புத்தகத்திலும் உள்ளதுதான். பத்தொன்பது வருடமாகக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவள் பளிச்சென்ற மணிகளையே பொறுக்கினாள். கறுப்பை ஊசியால் ஓரம் தள்ளினாள்.

ஓரம் தள்ளினாளே தவிர, தூக்கி எறியவில்லை. பத்துக் கிலோ கல்லை உடைத்து எடுத்ததை எப்படிக் குப்பையில் போடுவது? மனசு கேட்காது. ஒவ்வொரு குன்றின் கழிவையும் சுண்டுவிரல் அளவுக் கண்ணாடிக் குப்பியில் அடைத்து, எண் ஒட்டி, பிஸ்கட் டப்பாக்களில் அடுக்கி, மேஜைக்குக் கீழே தள்ளி வைத்திருந்தாள். நான்கு டப்பா. கால் நீட்ட இடமில்லை என்று தினம் அவற்றைத் திட்டுவதும் அவள்தான்.

"அக்கா? இருக்கியா?"

"இருக்கேன். போனை வை."

அன்று மாலை அவள் வீட்டில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. கணவர் தையல்காரர். அவருக்கும் கழுத்துவலி, அவளுக்கும் கழுத்துவலி. ஒரே தைலப் புட்டியை ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

விஷயத்தைச் சொன்னதும் அவர் மெஷினை நிறுத்தினார்.

"கறுப்பைப் பொறுக்கிப் பாத்துட வேண்டியதுதானே? இதுல என்ன யோசனை?"

"உங்களுக்கென்ன, சொல்லிட்டீங்க. அது முன்னூத்து முப்பதுன்னு வந்துடுச்சுன்னா?"

"தங்கச்சி தப்பிச்சுடுவா."

"அந்த ஒரு குன்றோட போகுமா? எண்பத்திரண்டு குன்றும் அப்படித்தானேன்னு கேப்பாங்க. நான் பொறுக்கினதெல்லாம் பாதிக் கணக்குன்னு ஆயிடும். எண்பத்திரண்டையும் திரும்பப் பொறுக்கணும். எனக்கு இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் இருக்கு. கண்ணு இருக்கா?"

"தப்புத் தப்பா வெட்டின சட்டையை நானும் பிரிச்சிருக்கேன். பிரிக்கிறதுதான் தைக்கிறதைவிடக் கொடுமை" என்றார். பிறகு எழுந்து வந்து, தைலத்தை அவள் கழுத்தில் தாமே தேய்த்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமை காலையில் ஊசியக்கா டப்பாக்களை இழுத்தாள். முதல் டப்பாவில் முதல் குப்பி அவளுடையது அல்ல. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று மேஜை டிராயரில் உருண்டு கிடந்தது அது. மங்கிப்போன ஒட்டுத்தாளில் '17' என்ற எண்ணும் பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் மட்டும். தனக்கு முன்னால் இருந்தவர் யாரோ விட்டுப்போனது என்று நினைத்து, அதையும் சேர்த்தே அடுக்கியிருந்தாள். அதைத் தொடாமல் தன்னுடைய பதினேழைத் தேடி எடுத்துத் தட்டில் கொட்டினாள்.

கறுப்பு மணிகளை முதல் முறையாக நின்று நிதானித்துப் பார்த்தாள். அசிங்கமாகத்தான் இருந்தன. மூலையெல்லாம் தேய்ந்து, மேலே வெடிப்பு விட்டு, தீய்ந்து போன அரிசி மாதிரி. ஆனால் சிலவற்றின் நடுவில், வெடிப்பு எட்டாத ஒரு சின்ன இடம் தேன் நிறத்தில் தெளிவாக இருந்தது. எப்படி இது இத்தனை நாள் கண்ணில் படாமல் போயிற்று? படாமல் இல்லை. பட்டிருக்கிறது. ஊசி அதைத் தள்ளிவிட்டு நகர்ந்திருக்கிறது.

முப்பத்திரண்டு மணிகளை எடுத்துப் பிசினில் பதித்து வட்டக் கட்டியாக்கினாள். புதன்கிழமை அதைத் தேய்த்து மெருகேற்றினாள். வியாழக்கிழமை காலை வட்டக் கட்டியைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு மெஷின் அறைக்குள் நுழைந்தாள்.

மெஷின்காரர் வாய் ஓயாத மனிதர். "வாங்க ஊசியக்கா! என்ன, கைக்குட்டையில நகையா? அடகு வைக்கணும்னா பக்கத்துத் தெரு."

"வியாழக்கிழமை காலையில மெஷினைச் சும்மா சோதனை ஓட்டுவீங்கல்ல? இதைச் சுட்டுப் பாருங்க."

"டாக்டர் கையெழுத்து?"

"இல்ல."

"அப்ப என் வேலைக்கு உலை வைக்க வந்திருக்கீங்க."

"சோதனைக்கு ஏதாவது ஒரு கல் வேணும்ல? இதுவும் கல்லுதான். யாராவது கேட்டா நான்தான் கொடுத்தேன்னு சொல்லுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். அதற்குப் பிறகு ஜோக் அடிக்கவில்லை. கட்டியை வாங்கி உள்ளே வைத்துப் பூட்டினார்.

லேசர் டிக் டிக் என்று சுட ஆரம்பித்தது. திரையில் எண்கள் விழுந்தன. முதல் மணி இருநூற்றுப் பத்து. ஒழுகிப்போனது. பொய். ஊசியக்காவுக்கு ஒரு கணம் நிம்மதிகூட வந்துவிட்டது. டாக்டர் சொன்னது சரி, எண்பத்திரண்டு குன்றும் பத்திரம், வீட்டுக்குப் போய்ப் படுக்கலாம். உடனே தங்கையின் முகம் நினைவுக்கு வந்தது.

"வெடிப்பு மேல சுட்டுட்டீங்க. நடுவுல, அந்தத் தேன் நிறத்துல சுடுங்க."

இரண்டாவது, முன்னூற்று இருபத்தொன்பது. மூன்றாவது, முன்னூற்று முப்பத்தொன்று. நான்காவது, முன்னூற்று முப்பது.

மெஷின்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். பத்தாவது மணியைத் தாண்டியதும் அவர் எண்களை வாய்விட்டுப் படிப்பதையும் நிறுத்திவிட்டார். முப்பத்திரண்டில் இருபத்தாறு அதே வயதைச் சொல்லின.

"அக்கா, இது அவங்க கல்லா?"

"நம்ம கல்லு. நம்ம கிரஷர். நான் மூணு தடவை கழுவினது, டாக்டர் நாலாவது தடவை துடைச்சது."

"அப்ப நாம சொன்ன இருநூத்து ஐம்பது?"

"அதுவும் நிஜம்தான் போல. முன்னூத்து முப்பதுல பாறை பொறந்திருக்கு. எண்பது கோடி வருஷம் கழிச்சு பூமிக்கு அடியில திரும்ப ஒருதரம் வெந்திருக்கு. அப்ப புதுசா முளைச்சதுதான் பளிச்சுனு இருக்குது. நான் பத்தொன்பது வருஷமா அந்தப் புதுசையே பொறுக்கியிருக்கேன்."

அவர் விசில் அடிக்க வாயைக் குவித்தார். சத்தம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணி. டாக்டரின் அறையில் கடிதம் தயாராக இருந்தது. இரண்டு பக்கம். பேனா மூடி திறந்திருந்தது. ஊசியக்கா கதவைத் தட்டாமலே உள்ளே போனாள். கையில் முதல் பிஸ்கட் டப்பா, அதன் மேல் மெஷின் கொடுத்த காகிதம்.

"என்னம்மா இது? உங்க தங்கச்சி விஷயமா இருந்தா..."

"என் தங்கச்சி விஷயம் இல்ல, டாக்டர். நம்ம கல்லு விஷயம்."

காகிதத்தை நீட்டினாள். அவர் படித்தார். பெஞ்சில் ஏற்றி நிற்க வைக்கப் போகிறார், நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்கப் போகிறார் என்று அவள் எதிர்பார்த்தாள். நேற்று முழுக்க அதற்குப் பதிலும் தயார் செய்து வைத்திருந்தாள். அவர் சத்தமே போடவில்லை. காகிதத்தைக் கண்ணுக்கு அருகில் கொண்டுபோனார், தூரமாகப் பிடித்தார், மேஜைமேல் வைத்துக் கையால் நீவிவிட்டார்.

"எதுலருந்து எடுத்தீங்க?"

"நீங்க வேணாம்னு சொன்ன கறுப்புலருந்து. நான் எதையும் தூக்கிப் போடல. எண்பத்திரண்டும் இருக்கு. நீங்க மெஷினைக் கேளுங்க, மெஷின்காரரைத் திட்டாதீங்க, நான்தான் கட்டாயப்படுத்தினேன். கடிதம் போனா அவ வேலை போயிடும், டாக்டர். அவ கழுவியிருக்கா. பாத்திரத்தைத்தான் சரியாக் கழுவ மாட்டா. கிரஷரைக் கழுவியிருக்கா."

அவர் சொல்லாமலே எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். பத்தொன்பது வருடத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. எத்தனை சாதாரண நாற்காலி! ஒரு கால் லேசாக ஆடியது.

டாக்டர் பேனாவை மூடினார். கடிதத்தைக் குப்புறக் கவிழ்த்தார். பிறகு டப்பாவைத் தன் பக்கம் இழுத்து மூடியைத் திறந்தார். வரிசையாக நின்ற குப்பிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார். தேடவில்லை. அவர் விரல் நேராக முதல் குப்பிக்குப் போய், அந்தக் கேள்விக்குறியின் மேல் நின்றது.

"இது எப்படி உங்ககிட்ட வந்துச்சு?"

"நான் சேர்ந்த அன்னைக்கு டிராயர்ல கிடந்துது. யாரோடதுன்னு தெரியல. போட மனசு வரல."

அவர் குப்பியை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். கிரஷர் துடைத்த வெள்ளைத் துணியை எப்படிப் பிடித்துப் பார்ப்பாரோ, அப்படியே. உள்ளே கறுப்பாக ஒரு சிட்டிகை. அவர் சாய்த்துச் சாய்த்துப் பார்த்ததில் அது குப்பிக்குள் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகச் சரிந்தது.

"நீங்க வேலைக்கு வர்றதுக்கு ஒரு வாரம் முன்னாடி இதுல ஒண்ணைச் சுட்டுப் பாத்தேன்மா, முன்னூத்து முப்பதுதான் வந்துச்சு. அன்னைக்கு கிரஷரைக் கழுவினது நான். சரியாக் கழுவலையோன்னு பயந்துட்டேன்."